கழற்றிய தட்டைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்டோமாவோடு வாழத் தொடங்குபவர்களுக்கு

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வயிற்றோரம் வெதுவெதுப்பாக ஏதோ ஊர்வதுபோல் இருக்கவே கையை வைத்துப் பார்த்தேன். வயிற்றில் ஒட்டியிருந்த கழிவுப் பையின் ஒரு பக்கம் விட்டுப்போய், சட்டை, போர்வை, மெத்தை எல்லாம் நனைந்திருந்தன. துணி துவைப்பது பெரிய வேலை இல்லை. ‘இனி காலம் முழுக்க இப்படித்தானா?’ என்ற நினைப்புதான் என்னைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழவைத்தது.

கழிவு வெளியேற அறுவை சிகிச்சையில் வயிற்றில் திறந்துவைக்கும் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். அதைச் சுற்றித் தோலில் ஒரு தட்டை ஒட்டுவோம், அதோடு இணைந்த பையில் கழிவு சேரும். எனக்கு இலியோஸ்டமி என்ற வகையைச் செய்து இது ஒன்பதாவது வருடம். வேலைக்குப் போகிறேன், நீந்துகிறேன், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். பை கசிவது தலையெழுத்து கிடையாது. ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கழற்றிய தட்டின் பின்பக்கத்திலேயே பார்த்துவிடலாம். இதை நான் தெரிந்துகொள்ள ஏழு வாரம் ஆனது. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எத்தனையோ பேர் இது தெரியாமலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெருங்குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து திறந்திருந்தால் அது கொலோஸ்டமி. பெரும்பாலும் வயிற்றின் இடப்பக்கம் இருக்கும். கழிவு ஓரளவு கெட்டியாக வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் திறந்திருந்தால் இலியோஸ்டமி. பொதுவாக வலப்பக்கம் இருக்கும். கழிவு கஞ்சிபோல நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதில் செரிமான நொதிகள் இருப்பதால் தோலில் பட்டால் அரித்துவிடும். யூரோஸ்டமியில் வருவது சிறுநீர். சிறுகுடலிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து, சிறுநீரகக் குழாய்களை அதில் இணைத்து, அதன் மறுமுனையை வெளியே திறந்திருப்பார்கள்.

டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை? தற்காலிகமா, நிரந்தரமா? வெளியே தெரிவது குடலின் ஒற்றை முனையா, வளைவா? ஆசனவாயை மூடிவிட்டார்களா, இருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். ஆசனவாய் இருந்தால் அதன் வழியாக அவ்வப்போது சளிபோல வெளியேறும். மலம் கழிக்க வேண்டும்போல உந்துதலும் வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்.

வகை தெரியாமல் இன்னொருவரின் ஆலோசனையைப் பின்பற்றுவது ஆபத்து. கொலோஸ்டமி உள்ளவருக்கு மலச்சிக்கல் வந்தால் டாக்டர் மலமிளக்கி கொடுக்கலாம். அதே மாத்திரையை இலியோஸ்டமி உள்ளவர் போட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வேகமாக வெளியேறி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலைகூட வரலாம்.

ஸ்டோமாவைப் பார்க்கப் பழகுங்கள்

முதல் இரண்டு வாரம் நான் அதைப் பார்க்கவே இல்லை. மனைவிதான் எல்லாம் செய்தாள். அது தவறு என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு அந்த அவகாசம் வேண்டியிருக்கிறது. ஆனால் பார்த்த பிறகுதான் பயம் குறைந்தது.

நல்ல ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்புறம்போல இருக்கும். துடைக்கும்போது ஈறில் வருவதுபோல ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வரலாம், அது இயல்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தானாகச் சுருங்கி விரியும். அதுவும் இயல்புதான், குடலின் வேலையே அது. வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. தொட்டால் வலிக்காது என்பது நல்ல செய்தி. தட்டின் ஓரம் அதை அறுத்துக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இலியோஸ்டமி தோலைவிட்டு இரண்டு செ.மீ. அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். குடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்பக்கமாகத் திருப்பித் தைக்கும் முறையை பிரையன் புரூக் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1952இல் எழுதினார். கழிவு தோலில் வழியாமல் நேராகப் பைக்குள் விழுவதற்காக அந்த நீட்டம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்டோமா வீங்கியிருக்கும். வீக்கம் வடிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை அளவெடுங்கள். பைப் பெட்டியோடு வரும் வட்டத் துளைகள் கொண்ட அளவுக் காகிதம் போதும். ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் அளவையே இரண்டு மாதம் வெட்டிக்கொண்டிருப்பதால்தான் பலருக்குத் தோல் புண்ணாகிறது.

பையைக் காலி செய்வது

மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிடுங்கள். பாதிக்கு மேல் போனால் எடை கீழே இழுத்து, தட்டின் மேல்விளிம்பைப் பிரிக்கும். இலியோஸ்டமி என்றால் ஒரு நாளைக்கு 5 முதல் 8 தடவை காலி செய்ய வேண்டியிருக்கும். சிறுநீர் கழிக்கப் போகும்போதெல்லாம் சேர்த்தே செய்துவிட்டால் தனி வேலையாகத் தோன்றாது.

கழிப்பறைத் தொட்டியில் முதலில் இரண்டு துண்டு டிஷ்யூ போடுங்கள், தெறிக்காது. நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, பையின் வால்பகுதியை மேல்நோக்கிப் பிடித்துத் திறந்து, பிறகு மெதுவாகக் கீழே சாயுங்கள். முடிந்ததும் வாலின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் துடையுங்கள். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளிதான் பிறகு நாற்றமடிக்கும், பையிலிருந்து வராது. காலி செய்யும் நேரம் தவிர வேறு எப்போது வாடை வந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வாசனைத் திரவியம் அடிக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.

காற்று நிரம்பிப் பை பலூன்போல ஊதினால் வாலைத் திறந்து காற்றை விடுங்கள். ஊசியால் குத்தி ஓட்டை போடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்க வாடை வரும்.

பையை மாற்றுவது

இரண்டு வகைப் பைகள் உண்டு. தட்டும் பையும் ஒன்றாகவே வருவது ஒன்று. தட்டைத் தோலில் ஒட்டிவிட்டு, பையை மட்டும் தனியாக மாட்டிக் கழற்றுவது இன்னொன்று. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஒற்றைப் பை எளிது. தோல் மென்மையானவர்களுக்குத் தட்டை அடிக்கடி பிய்க்காமல் பையை மட்டும் மாற்றுவது நல்லது.

தட்டை 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சிலருக்கு ஒரு வாரம்வரை தாங்கும். கசியும்வரை காத்திருக்காமல், கசிவதற்கு முந்தைய நாள் மாற்றுவதுதான் சரியான கணக்கு. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் மாற்றுங்கள். அப்போதுதான் ஸ்டோமா அமைதியாக இருக்கும்.

1. எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள்: புதுப் பை, வளைந்த முனைக் கத்தரிக்கோல், அளவுக் காகிதம், வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி அல்லது டிஷ்யூ, குப்பைப் பை. ஸ்டோமா திறந்திருக்கும்போது எழுந்து போய்க் கத்தரிக்கோல் தேடும் நிலை வரக் கூடாது.

2. புதுத் தட்டை முன்கூட்டியே வெட்டுங்கள். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழமழப்பாக்குங்கள். ஸ்டோமா வட்டமாக இல்லையென்றால் துளையும் வட்டமாக இருக்க வேண்டியதில்லை.

3. பழைய தட்டை மேலிருந்து கீழாக எடுங்கள். ஒரு கை தட்டை மெல்லத் தூக்க, இன்னொரு கை தோலைக் கீழே அழுத்தட்டும். தட்டைப் பிடித்து இழுப்பதைவிட, தட்டிலிருந்து தோலைத் தள்ளிவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு நீக்கும் ஸ்ப்ரே இருந்தால் நல்லது, வெறும் வெந்நீர்த் துணியும் உதவும்.

4. கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள். பக்கத்தில் வையுங்கள்.

5. தோலை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பான், லோஷன் எதுவும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் படலத்தின்மேல் எதுவும் ஒட்டாது.

6. நன்றாக உலரவிடுங்கள். நான் சொல்வதில் பாதிப் பேர் அவசரப்படும் இடம் இதுதான். ஒற்றியெடுத்த பிறகும் தோலில் ஈரப்பதம் இருக்கும். கையால் விசிறி, ஒரு நிமிடம் பொறுங்கள். யூரோஸ்டமி உள்ளவர்களுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், டிஷ்யூவைச் சுருட்டித் திரிபோல ஸ்டோமாவின் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் உலர நேரம் கிடைக்கும்.

7. புதுத் தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். ஒட்டும் பொருள் உடல்சூட்டில்தான் இளகித் தோலோடு சேரும். ஒட்டிய பிறகும் ஸ்டோமாவைச் சுற்றி உள்ளிருந்து வெளியாக விரலால் அழுத்தி, மேலே உள்ளங்கையை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருங்கள்.

முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வியர்த்துக் கொட்டியது. இப்போது எட்டு நிமிடம். உங்களுக்கும் ஒரு மாதத்தில் வேகம் வந்துவிடும்.

இப்போது அந்தப் பழைய தட்டைத் திருப்புங்கள்

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் வெளுத்து, ஊறி, கொழகொழத்திருந்தால் அது இயல்பான தேய்மானம். அந்த வளையம் விளிம்பை நோக்கி அகலமாகிக்கொண்டே போனால், அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக மாற்றுங்கள்.

துளையிலிருந்து ஒரே ஒரு திசையில் பழுப்புத் தடம் ஓடியிருந்தால் அந்தத் திசையில் உங்கள் வயிற்றில் பள்ளமோ மடிப்போ இருக்கிறது. தட்டைக் கடிகார முகம்போல நினைத்து எத்தனை மணி திசை என்று குறித்து வையுங்கள். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதால் இடவலம் மாறும், அதைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் குறித்தால் போதும், ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு ஏழு மணித் திசை. நான் எப்போதும் படுத்தபடியே மாற்றிக்கொண்டிருந்தேன். படுத்தால் வயிறு தட்டையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. ஒருநாள் என் ஸ்டோமா நர்ஸ், “நாற்காலியில் உட்காருங்க, கொஞ்சம் முன்னால குனிங்க” என்றார். கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டோமாவின் கீழோரத்திலிருந்து இடுப்பை நோக்கி, ஒரு விரல் நீளத்துக்கு மடிப்பு விழுந்தது. நிமிர்ந்தால் காணாமல் போனது. பகலெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு, கழிவு ஓட வாய்க்கால் வெட்டி வைத்ததுபோல. அவர் மெழுகுபோன்ற ஒட்டு வளையத்திலிருந்து தீக்குச்சி கனத்துக்கு ஒரு துண்டு கிள்ளி, உருட்டி, அந்த மடிப்பில் வைத்து அழுத்தினார். அதன்மேல் தட்டு. அவ்வளவுதான். ஏழு வாரத் தொல்லை அன்றோடு முடிந்தது.

தட்டைப் பார்த்தபின் தோலையும் ஸ்டோமாவையும் பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டினாற்போல மட்டும் தோல் சிவந்து எரிந்தால் துளை பெரிதாகிவிட்டது, மறுபடி அளவெடுங்கள். ஸ்டோமாவின்மேல் வெளிறிய கோடுபோல வெட்டுத் தடம் தெரிந்தால் துளை சிறிதாகிவிட்டது. தட்டு இருந்த இடம் முழுவதும் அதே வடிவத்தில் சிவந்து அரித்தால் அந்த ஒட்டுப்பொருள் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; வேறு நிறுவனத்துத் தட்டைக் கேளுங்கள். சிவந்த திட்டும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் அரிப்புமாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம்; டாக்டர் தரும் பூஞ்சைக்கொல்லிப் பவுடர் கேட்கும். மயிர்க்கால்களில் கொப்புளம் இருந்தால், முடியோடு சேர்த்துத் தட்டைப் பிய்க்கிறீர்கள். மின் டிரிம்மரால் முடியைக் குட்டையாக்குங்கள்.

ஸ்டோமா தோலோடு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்து எல்லாப் பக்கமும் கசிந்தால் சாதாரணத் தட்டு போதாது. நடுவில் புடைத்த தட்டு வேண்டும், கூடவே இடுப்புப் பெல்ட். இதை நீங்களாக வாங்கிப் போடாமல் ஸ்டோமா நர்ஸிடம் காட்டிக் கேளுங்கள். தவறான அழுத்தம் புண்ணாக்கும்.

கொலோஸ்டமி உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கெட்டியான மலம் பையின் அடிக்கு இறங்காமல் மேலேயே அப்பிக்கொண்டு, தட்டுக்கு அடியில் புகப் பார்க்கும். பையின் இரண்டு சுவர்களும் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மாட்டும் முன் பைக்குள் கொஞ்சம் காற்று ஊதி, உள்ளே வழவழப்புக்கான திரவத்தைத் தடவி, காற்று வடிகட்டியின் துளையை அதோடு வரும் ஸ்டிக்கரால் மூடிப் பாருங்கள். தண்ணீரும் அதிகம் குடியுங்கள்.

தோல் ஏற்கெனவே ஈரம் கசியும் அளவுக்குப் புண்ணாகிவிட்டால் ஸ்டோமா பவுடரை மெல்லத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, அதன்மேல் எரிச்சல் தராத காப்புப் படல ஸ்ப்ரேயை அடித்து உலரவிடுங்கள். இதையே இரண்டு மூன்று அடுக்காகச் செய்தால் மேலே ஒரு பொருக்கு உருவாகும், தட்டு அதில் ஒட்டும். இடம் ஆறியதும் பவுடரை நிறுத்திவிடுங்கள். தேவையில்லாமல் தூவினால் அதுவே ஒட்டவிடாது.

இன்று நாம் ஒட்டும் பையின் கதையும் ஒரு வீட்டின் கவலையில்தான் தொடங்கியது. டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற செவிலியர், தன் சகோதரி தோரா ஸ்டோமா வந்தபின் வெளியே போகவே அஞ்சி அடைந்துகிடப்பதைப் பார்த்து, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை 1954இல் யோசித்தார். அதற்கு முன் பெரும்பாலும் பெல்ட்டில் கட்டும் உலோக, ரப்பர் சாதனங்கள்தான். முதல் நாட்களின் மனச்சோர்வில் தோராவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குடிப்பது, சாப்பிடுவது, மாத்திரை

இலியோஸ்டமி உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பெருங்குடல் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரையும் அதோடு உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும். நமக்கு அந்த வேலை நடப்பதில்லை. உடம்பு பழகியபின் பையில் ஒரு நாளைக்கு 500 மி.லி. முதல் ஒரு லிட்டர்வரை வருவது சாதாரணம். முதல் சில வாரம் ஒரு அளவுக்குவளையில் ஊற்றிக் குறித்து வையுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நாக்கு வறட்சி, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாவது, எழுந்தால் தலைசுற்றல், கால் பிடித்திழுப்பது எல்லாம் நீர்ச்சத்து குறைந்ததன் அடையாளம். அப்போது வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கத் தோன்றும். அதுதான் பொறி. உப்பில்லாத தண்ணீர் குடலிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு பைக்கே போய்ச் சேரும். குடிக்கக் குடிக்க அதிகமாகப் போகும். உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை இதற்கு மேல் போடாதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள் தங்கள் அளவை டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவைத்திருங்கள்.

யூரோஸ்டமிக்கு நேரெதிர். தண்ணீர் தாராளமாக, ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். சிறுநீரில் வெள்ளை நூல்போல சளி மிதந்தால் பயம் வேண்டாம், வழியாக வைத்த குடல்துண்டு சுரப்பது அது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு மட்டும் பையில் தேங்கியதைப் பிடித்துக் கொடுக்காதீர்கள். பையில் எப்போதும் கிருமி இருக்கும், இல்லாத நோய்க்கு மருந்து எழுதிவிடுவார்கள். ஸ்டோமாவிலிருந்தே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் முதல் 6 முதல் 8 வாரம் நார் குறைவானவை, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருளைச் சேர்த்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்தது. சோளம், காளான், தேங்காய், கொட்டைகள், உலர்பழம், நார் அதிகமான பச்சைக் காய்கறி ஆகியவை சிறுகுடலின் குறுகிய வழியில் உருண்டு அடைத்துக்கொள்ளக்கூடியவை. என்றைக்குமே கூடாது என்பதில்லை. கூழாகும்வரை மெல்லுங்கள், சிறிய அளவில் தொடங்குங்கள். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பையில் சிவப்பைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை கருப்பாக்கும். ராத்திரிச் சாப்பாட்டைச் சற்று முன்னதாக முடித்துக்கொண்டால் நடுராத்திரி எழ வேண்டியது குறையும்.

மாத்திரைகளில் சில மெதுவாகக் கரையும்படியோ, மேலே தனிப் பூச்சோடோ வரும். இலியோஸ்டமியில் அவை கரையாமலே பைக்கு வந்துவிடலாம். காலி செய்யும்போது முழு மாத்திரை கண்ணில் பட்டால் மருந்து உடம்பில் சேரவில்லை என்று பொருள். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகப் பொடித்துக் குடிக்காதீர்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை அகற்றியிருந்தால் பி12 வைட்டமின் ஊசி தேவைப்படலாம். அந்தச் சத்தை உறிஞ்சும் இடமே அதுதான்.

குளியல், உடை, தூக்கம்

பையோடும் குளிக்கலாம், பை இல்லாமலும் குளிக்கலாம். தண்ணீர் ஸ்டோமாவுக்குள் போகாது. உடையில் பெல்ட்டோ இடுப்புப் பட்டையோ ஸ்டோமாவின் நேர்மேலே அழுத்தக் கூடாது, அவ்வளவுதான். பையின்மேல் ஒரு துணி உறை இருந்தால் வியர்வைக் கடி குறையும். யூரோஸ்டமி உள்ளவர்கள் இரவில் நீளக் குழாயோடு கூடிய பெரிய பையை இணைத்துவிட்டுத் தூங்கலாம், இடையில் எழ வேண்டாம்.

முதல் 6 முதல் 8 வாரம் கனமான எதையும் தூக்காதீர்கள். ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்குவது சாதாரணமாக வரும் பிரச்சினை. இருமல், தும்மல் வரும்போது உள்ளங்கையால் ஸ்டோமாவைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

வெளியே போகும்போது

ஒரு சின்னப் பை தயாராக இருக்கட்டும்: ஏற்கெனவே வெட்டிய தட்டோடு இரண்டு பைகள், டிஷ்யூ, குப்பை உறை, சிறு தண்ணீர்ப் புட்டி, மாற்று உள்ளாடை. ஸ்டோமா சுருங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் அந்த வெட்டிய தட்டுகளையும் அளவுக்கேற்ப மாற்றி வைக்க மறந்துவிடுவோம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஒட்டு இளகிவிடும்.

விமானத்தில் எல்லாப் பொருளையும் கைப்பையில், கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்காக எடுத்துச் செல்லுங்கள். கத்தரிக்கோலைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கிவிடக்கூடும் என்பதால் தட்டுகளை வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவைத்தால் சோதனையில் விளக்கம் சொல்லும் சங்கடம் குறையும். நீந்தும் முன் பையைக் காலி செய்து, வடிகட்டியை ஸ்டிக்கரால் மூடுங்கள். நனைந்தால் அது வேலை செய்யாது.

நெருக்கமானவர்களிடம்

யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நான் அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் சொன்னேன், அவசரத்துக்கு உதவ ஒருவர் போதும் என்று. ‘பெரிய ஆபரேஷன் நடந்தது, கழிவு இப்போது வயிற்றில் ஒட்டிய பையில் சேர்கிறது, நான் நன்றாக இருக்கிறேன்’ என்ற மூன்று வாக்கியம். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

தாம்பத்தியம் முடிந்துபோன விஷயமில்லை. தையல் ஆறி டாக்டர் சரி சொன்னதும் தொடங்கலாம். முன்னதாகப் பையைக் காலி செய்து, சின்னப் பை மாட்டி, மேலே ஒரு துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டால் கவனம் அங்கே போகாது. ஸ்டோமாவுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. மலக்குடல், சிறுநீர்ப்பை அறுவை சிகிச்சைகளில் நரம்பு பாதிக்கப்பட்டு, ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. வெட்கப்பட்டுப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். ஸ்டோமாவோடு கருவுற்றுப் பிள்ளை பெற்ற பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஸ்டோமா கருஞ்சிவப்பையும் தாண்டி ஊதாவாக, பழுப்பாக, கருப்பாக மாறினால் ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். காத்திருக்காதீர்கள். ஸ்டோமாவுக்குள்ளிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தாலும், குடல் திடீரென்று நீளமாக வெளியே சரிந்தாலும் அப்படியே.

இலியோஸ்டமியில் 4 முதல் 6 மணி நேரமாக எதுவும் வராமல், வயிற்றை முறுக்கி வலித்தால் அடைப்பு. கெட்டியான சாப்பாட்டை நிறுத்துங்கள். வாந்தி இல்லையென்றால் வெதுவெதுப்பான பானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, வெந்நீரில் குளித்து, படுத்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவந்து, ஸ்டோமாவைச் சுற்றி மெல்லத் தடவிக் கொடுங்கள். ஸ்டோமா வீங்கி, தட்டின் துளை அதை இறுக்கினால் தட்டைக் கழற்றிப் பெரிய துளையுள்ளதை மாட்டுங்கள். வாந்தி வந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, சில மணி நேரத்தில் வழி திறக்காவிட்டாலோ ஆஸ்பத்திரிதான். மலமிளக்கி மட்டும் கூடவே கூடாது. யூரோஸ்டமியில் காய்ச்சல், நடுக்கம், இடுப்புக்கு மேல் முதுகுவலி, கலங்கிய கெட்ட வாடைச் சிறுநீர் இருந்தால் சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறியிருக்கலாம். அன்றே போங்கள்.

இந்தப் பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி, உங்கள் ஸ்டோமா வகை, அறுவை சிகிச்சை நடந்த தேதி, பையின் பெயரும் எண்ணும், ஸ்டோமா நர்ஸின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதே தாளில் குறித்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அப்படி ஒரு ராத்திரி வந்தால் அதைப் படித்துச் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்களாக இருக்காது. வீட்டில் இருப்பவருக்கு இன்றே அந்தக் கதவைத் திறந்து காட்டிவிடுங்கள்.